பின்கதவுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்?

கூடலூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். (நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர்.) ஊருக்கு எதன் மேல் பயம் என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் தெரிந்துவிடும். ஏலக்காய் விலை ஏறினால் பூட்டு போகும். யானை இறங்கியதென்றால் டார்ச் போகும். கொஞ்ச காலமாக இளவட்டங்கள் கேட்பது வேறு. "அண்ணே, மடக்குக் கத்தி இருக்கா? விரல்ல மாட்டுற பித்தளை வளையம் இருக்கா? ஷாக் அடிக்கிற டார்ச் வருமா?" எல்லாம் யூடியூப் செய்கிற வேலை. எங்கோ ஒரு வெள்ளைக்காரன் தன் பாக்கெட்டில் தினமும் என்னென்ன வைத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்குகிறான். அவன் ஊர்ச் சட்டம் வேறு, அவன் ஊர் ராத்திரி வேறு. நம்ம தம்பி அதே சாமான்களை வாங்கிச் செருகிக்கொண்டு குமுளி மலை ஏறுகிறான்.

தற்காப்புக்கு என்று எதை வாங்கினாலும் நான் பார்ப்பது இரண்டுதான். ஆபத்து என்னிடம் வந்து சேர அது தாமதப்படுத்துமா? எனக்கு ஆபத்து என்று நாலு பேருக்குத் தெரியப்படுத்துமா? இரண்டும் இல்லை, அடிக்க மட்டும்தான் ஆகும் என்றால் அந்தச் சாமான் எனக்கு வேண்டாம். விற்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். பூட்டிலும் போல்ட்டிலும் எனக்கு லாபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

முதலில் கத்தி. ஆயுதச் சட்ட விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. அதைப் படித்துவிட்டு "என் கத்தி நாலு அங்குலம்தானே" என்று ஒருவர் வாதாடினார். சரி, வாதம் சரிதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பையைத் திறக்கச் சொல்லும் போலீஸ்காரர் ஸ்கேல் எடுத்து வருவதில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் சாக்குக்குள் கிடக்கும் அரிவாள் கருவி. அதே அரிவாள் பைக்கில் போகிறவன் இடுப்பில் இருந்தால் ஆயுதம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் அரிவாள் பட்டறைகளையும் கடைகளையும் கூப்பிட்டு, வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்கச் சொன்னது. என் கடையில் அந்த நோட்டு இன்றும் இருக்கிறது.

கேரள எல்லையில் இது இன்னும் சிக்கல். கம்பம் பக்கத்து ஆள் என்றால் கஞ்சாவைத் தேடி எக்சைஸ்காரர்கள் பையைக் கவிழ்ப்பது புதிதல்ல. அப்படிக் கவிழ்க்கும்போது மடக்குக் கத்தி ஒன்று விழுந்தால், அது தற்காப்புக்கு என்று மலையாளத்தில் விளக்க எத்தனை பேரால் முடியும்? 2024 நவம்பரில் ஆலப்புழைப் பக்கம் நடந்த திருட்டுகளை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து கும்பல் வந்திருக்கிறது என்று கேரளம் முழுக்கப் பீதி. ஒரு சமூகத்தின் பெயரையே கும்பலின் பெயராக்கிச் செய்தி ஓட்டினார்கள். அந்த நாட்களில் வேலைக்குப் போன நம் ஆட்களை அங்கே எப்படிப் பார்த்தார்கள் என்று போனவர்களிடம் கேளுங்கள். மொத்தச் சமூகத்தையும் திருடர் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக் குண்டு வாங்கிச் செத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான். இந்த வலி நமக்குத் தெரியாததல்ல. இருந்தும் இங்கே வேலைக்கு வரும் வடநாட்டுப் பையன்களை நாம் அதே கண்ணால்தான் பார்க்கிறோம்.

"அப்போ எவனாவது அடிக்க வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவைதான். ராத்திரி வீட்டை உடைத்து உள்ளே வருகிறவனை எதிர்க்கச் சட்டம் நிறையவே இடம் கொடுக்கிறது. கூடவே 37ஆம் பிரிவு இரண்டு கட்டுகள் போடுகிறது. தடுக்கத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. ஓடுகிற திருடனைத் துரத்திப் போய் வெட்டினால் அன்றைக்குக் குற்றவாளி நீங்கள்தான். துப்பாக்கி லைசென்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: கலெக்டர் ஆபீஸ் நடை, தேர்தல் வந்தால் ஒப்படைப்பு, எல்லாம் முடித்து அதைப் பீரோவில் பூட்டித்தான் வைக்க வேண்டும். அது மனதுக்குத் தெம்பு, அவ்வளவுதான்.

சரி, பையில் என்னதான் வைப்பது? ஒரு நல்ல டார்ச். சட்டைப் பையில் அடங்கும் அளவு, பின்னால் சுவிட்ச் இருந்தால் நல்லது, கொஞ்சம் நனைந்தாலும் எரிய வேண்டும். விடிவதற்கு முன் ஜீப் பிடிக்க நடக்கும் பெண்களுக்கு இதைவிட முக்கியமான பொருள் கிடையாது. இருட்டில் ஒருவன் ஒளிந்து நிற்பதும் தெரியும், வழியில் விரியன் கிடப்பதும் தெரியும். ஏலத்தோட்டத்துச் சருகுக்குள் மூக்கு மேலே வளைந்த சின்னக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்குத்தான். அந்தக் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. கடி வாங்காமல் இருப்பதுதான் வழி. டார்ச்சும் கம்பூட்ஸும் அதற்குத்தான்.

டார்ச்சோடு ஒரு விசில். சிரிக்காதீர்கள். தொண்டை பயத்தில் அடைத்துக்கொண்டால் சத்தம் வராது, விசில் வரும். அப்புறம் குடை. மடக்குக் குடை இல்லை, வளைந்த கைப்பிடி வைத்த நீளக் குடை. இந்த மலையில் ஆறு மாதம் எவன் கையில் குடை இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. எந்தச் செக்போஸ்ட்டிலும் பிடுங்க மாட்டார்கள். பாய்ந்து வரும் நாய்க்கு முன்னால் பட்டென்று விரித்தால் பெரும்பாலும் அது தயங்கி நிற்கும். நாய் என்றதும் ஞாபகம் வருகிறது, சின்னச் சோப்புத் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வைத்தியம், அதன் பிறகு தடுப்பூசிக்கு ஓட வேண்டும். எந்த யூடியூப்காரன் மேஜையிலும் நான் சோப்பைப் பார்த்ததில்லை.

பெப்பர் ஸ்பிரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாங்க லைசென்ஸ் தேவையில்லை, தனியாகப் போகும் பெண்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மலைக்காற்று எதிரே அடித்தால் உங்கள் கண்தான் எரியும். பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்த ஜீப்புக்குள் அடித்தால் டிரைவரும் சேர்ந்து இருமுவார், வண்டி கொண்டை ஊசி வளைவில் இருக்கும். டப்பாவில் காலாவதி தேதி இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். ஷாக் அடிக்கிற டார்ச்சை நான் கடையில் வைப்பதே இல்லை. அது வேலை செய்ய வேண்டுமானால் வந்தவன் உங்களைத் தொடும் தூரத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்குள் அவன் கையில் அது போய்விடும்.

போனைப் பற்றி எல்லைக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மேலே போனதும் போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து 112 அடித்தால் அழைப்பு போவது டவர் இருக்கும் மாநிலத்துக்கு. எடுப்பவருக்குக் கம்பமும் கூடலூரும் வெறும் பெயர்தான். அதனால் எடுத்ததும் மாநிலம், மாவட்டம், தாலுகா என்ற வரிசையில் சொல்லுங்கள், என்ன நடந்தது என்பதை அப்புறம் சொல்லலாம். உங்கள் ஸ்டேஷன் நம்பரையும் அந்தப் பக்கத்து ஸ்டேஷன் நம்பரையும் தனியாகப் பதிந்து வையுங்கள். இந்தப் பக்கம் 'காவல் உதவி', அந்தப் பக்கம் 'போல் ஆப்', இரண்டு செயலியும் போனில் இருக்கட்டும். அப்படியே இரண்டு நம்பரைத் தாளில் எழுதிப் பர்சில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு யார் நம்பரை ஞாபகப்படுத்துவது?

இனி வீடு. இதில்தான் எனக்குச் சண்டை போட ஆசை.

புது வீடு கட்டுகிறார்கள். முன்கதவு தேக்கு, கஜலட்சுமி செதுக்கியிருக்கும், பித்தளைக் குமிழ், உள்ளே ஆளுயரத் தாழ்ப்பாள். பின்னால் போய்ப் பார்த்தால் பாத்திரம் துலக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதவு, இல்லாவிட்டால் தகரம். விரல் நீளத்துக்கு ஒரு கொண்டி. திருடன் கிருகப்பிரவேசத்துக்கு வந்த விருந்தாளியா, முன்வாசல் வழியாக வர? செலவைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் முன்கதவில் செதுக்கு வேலையைக் குறைத்து அந்தப் பணத்தைப் பின்கதவில் போடுங்கள் என்று வருகிற மேஸ்திரிகளிடமெல்லாம் சொல்கிறேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். பின்கதவை யார் பார்க்கப் போகிறார்கள்?

பூட்டு விஷயத்திலும் இதே கதைதான். ஏழு லீவர் பூட்டு வேண்டும், விலை பரவாயில்லை என்பார்கள். அதை மாட்டுவது முக்கால் அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் ஆல்ட்ராப்பில், அதாவது பூட்டு மாட்டும் வெளித் தாழ்ப்பாளில். கடப்பாரையோடு வருகிறவன் பூட்டைத் தொடவே மாட்டான். ஆல்ட்ராப்பையே நெம்புவான், அது மரத்தூளோடு கையில் வந்துவிடும், பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூவுக்குப் பதில், வெளியே உருண்டைத் தலை தெரியும் போல்ட்டைக் கதவில் ஊடுருவ விட்டு, உள்பக்கம் வாஷர் போட்டு நட்டு முறுக்க வேண்டும். கீலுக்கும் நீள ஸ்க்ரூ, நிலைக்குள் ஆழமாக இறங்க வேண்டும். ஒரு கதவுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு பிரியாணிக்குக்கூட வராது. உடைக்கவே முடியாத கதவு என்று எதுவும் கிடையாது. உடைக்கக் கூடுதலாக ஐந்து நிமிடமும் கூடுதலாகக் கொஞ்சம் சத்தமும் ஆகும், அதுதான் கணக்கு.

சத்தம் என்றால் திண்டுக்கல் பூட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. மாங்காய்ப் பூட்டை எல்லாருக்கும் தெரியும். மணிப்பூட்டு என்று ஒரு ரகம் உண்டு, சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். சைரனும் செயலியும் வருவதற்கு எவ்வளவோ முன்பே நம் கைவினைஞர் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, திறப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று. இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கேமரா வைக்கலாம், தப்பில்லை. மழைக்காலத்தில் கரண்ட் போனால் ரூட்டரும் போகும், அதனால் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போவான். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். நடந்ததைக் கேமரா காட்டும், நடக்கும்போது தடுக்காது. வாசலில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு அதைவிட மலிவு, என் கணக்கில் அதைவிடப் பயனும் அதிகம்.

எதைக் காக்கிறோம் என்பதும் முக்கியம். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். அதைத் திண்ணையை ஒட்டிய அறையில் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள் உண்டு. நகைக்கு வங்கி லாக்கர். வங்கியின் கவனக்குறைவாலோ ஊழியர் மோசடியாலோ போனால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பு என்பது 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி. வாடகையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள், நகைக்கு ஈடாகாது, இருந்தாலும் தலையணைக்கடியில் இருப்பதைவிட மேல். ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். கேரளத்தில் போல் ஆப்பிலேயே பூட்டிய வீட்டைப் பதிய வசதி இருக்கிறது. முகநூலில் மட்டும் ஏர்போர்ட்டிலிருந்து போட்டோ போடாதீர்கள்.

என் சித்தி வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர். அந்தக் கதவை ஓங்கி உதைத்தால் திறந்துகொள்ளும். ஆனால் லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ராத்திரி அந்தச் சுவரை மூன்று முறை தட்டினால் வரிசை முழுக்க விளக்கு எரியும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றித் தமிழ் ஆட்கள் இடுக்கித் தோட்டங்களை விட்டு இறங்கியபோது, எந்த வழியாகப் போகலாம், எங்கே ஆள் நிற்கிறது என்று அவருக்குச் சொல்லி அனுப்பியது பக்கத்து வீட்டு மலையாளி அம்மாதான்.

இதே வேலையைத்தான் வால்பாறையில் யானைக்குச் செய்கிறார்கள். யானை நிற்கும் இடத்தைச் சொல்லி எஸ்எம்எஸ், ரோட்டோரம் போன் அழைப்பில் எரியும் சிவப்பு விளக்கு. முன்கூட்டியே தெரிந்ததால் உயிர்ச்சேதம் குறைந்தது. நம் ஊரில் 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் தெருவுக்குள் வந்தபோது என்ன செய்தோம்? 144 போட்டும் போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க வெளியே ஓடியவர்கள் எத்தனை பேர்! மடக்குக் கத்தி கேட்கும் அதே கூட்டம்தான்.

கமெண்டில் கத்தி மாடல் கேட்காதீர்கள், பதில் வராது. பின்கதவைப் பலப்படுத்த வருகிறவர்கள் கதவுப் பலகையின் கனத்தை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். போல்ட்டின் நீளத்தை அதை வைத்துத்தான் எடுத்துத் தர முடியும். அளக்காமல் வந்து "சாதாரணக் கதவுதாண்ணே" என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.