முட்டையாவது உண்டா சார்?

போன ஆடி மாசம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் எங்களுக்குக் கண்ணைக் கட்டியது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு முதல் மாடி. படிக்கட்டில் ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் கீழே காத்திருக்க வேண்டும். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தங்கச்சி பொன்னேரியில்.

முதியோர் இல்லம் தேட ஆரம்பித்தேன். "பெத்த தாயை இல்லத்துல தள்ளப் போறியா?" என்று கேட்ட சொந்தக்காரர் ஒருவர்கூட ஒரு ராத்திரி வந்து பெட்பேன் வைத்ததில்லை. வைத்தவள் என் மனைவி. மகன் தாயைப் பார்த்துக்கொள்கிறான் என்று நம்ம ஊரில் சொன்னால் மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். நானும் அந்த மாதிரி மகன்தான்.

நாலு ஞாயிறு அலைந்தேன். சீனியர் லிவிங் என்று போர்டு வைத்ததெல்லாம் சென்னைக்குத் தெற்கே ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. ரோடு பக்கம். இல்லையென்றால் கோயம்புத்தூர். எங்கள் வடசென்னையில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. முதலில் போன இடத்தில் புல்தரை, யோகா ஹால், பஜனை ஹால் எல்லாம் இருந்தது. சாப்பாடு சுத்த சைவம். எங்கம்மா காசிமேட்டு மீன் தின்று வளர்ந்த உடம்பு. "முட்டையாவது உண்டா சார்?" என்றேன். "மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று மேனேஜர் சிரித்தார். யாருக்காகக் கட்டிய இடம் என்று விளங்கிவிட்டது.

இன்னொரு இடத்தில் மீன் உண்டு. ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர் என்று கேட்டால், முப்பது பேருக்கு இரண்டு ஆயா. நர்ஸ் காலையில்தான் வருவாராம். அட்வான்ஸ் பாரத்தின் அடியில் ஒரு வரி: படுத்த படுக்கையானால் குடும்பத்தார் அழைத்துச் சென்றுவிட வேண்டும். அடப்பாவிகளா, அப்போதுதானே இல்லமே தேவை! நீங்கள் யாராவது பார்க்கப் போனால் ஹாலைப் பார்த்து மயங்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ஏழு மணிக்குப் போங்கள். பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா பாருங்கள். அந்த பாரத்தை முழுசாகப் படியுங்கள்.

காசு இன்னொரு கதை. முதியோர் பென்ஷனை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். நான் விசாரித்ததில் மிகக் குறைந்த மாசக் கட்டணம் 25,000.

அம்மாவிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "அங்க எனக்கு யாரைடா தெரியும்? இங்கன்னா ஜன்னலாண்ட உட்காந்தா மீன்காரம்மா நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே தெருவில் கீழ்வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வெஸ்டர்ன் கக்கூஸ், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை. சுகர், பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொடுக்கிறார்கள். 2021இல் ஆரம்பித்த திட்டம், எங்களுக்கு உருப்படியாகவே நடக்கிறது. கிண்டியில் 2024இல் திறந்த முதியோர் மருத்துவமனைக்கு மெட்ரோவில் மாறாமல் போகலாம். ராத்திரிக்கு நாங்கள் இருக்கிறோம்.

இடிப்பது பகல்தான். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. ஏஜென்சி அனுப்பிய ஆட்கள் நாலு மாசத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் புது முகத்தின் முன்னால் புடவை மாற்ற அம்மா கூசிப்போனார். இப்போது தெருவில் ஒரு அக்காவே சம்பளத்துக்கு வருகிறார். அவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் எனக்கு லீவு.

எங்கள் பக்கத்துக்குத் தேவை புல்தரை வைத்த இல்லம் இல்லை என்பது என் கட்சி. நடந்து போகிற தூரத்தில், காலையில் விட்டுவிட்டு சாயங்காலம் கூட்டிவர ஒரு பகல் காப்பகம் போதும். இரண்டு ஆயா, ஒரு நர்ஸ், மதியம் குழம்பு சோறு, சாய்ந்து படுக்க நாலு கட்டில். குழந்தைகளுக்கு தெருவுக்குத் தெரு பால்வாடி உண்டே. கிழங்கட்டைகளுக்கு மட்டும் ஏன் கிடையாது? எங்கள் தெருமுனையில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து இல்லாத நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது.

கவுன்சிலரிடம் கேட்டேன். "மனு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிவிட்டேன், முதல் கையெழுத்து அம்மாவுடையது. "சனிக்கிழமையும் தொறக்கணும்னு போடுடா" என்றார் அம்மா, அதையும் சேர்த்தாயிற்று. இதுவரை 41 கையெழுத்து. நம்ம தெருக்காரர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்தால் போட்டுவிட்டுப் போகலாம். கீழ்வீடுதான், படி ஏற வேண்டாம்.