வீட்டுச் சாப்பாட்டுக்கு மார்க் போடாதீர்கள்

எங்களோடு ராமேஸ்வரம் ட்ரிப் வந்த ஒருவர் போட்ட அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேற்றிலிருந்து பாதிப் பேர் எனக்கே அனுப்பி, "இந்த ட்ரிப்ல நீயும் இருந்தியே?" என்று கேட்கிறீர்கள். இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், போன வழியில் சாப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவர் நட்சத்திரம் போட்டிருக்கிறார். மாமல்லபுரம் தாண்டி ஒரு ஓட்டலுக்கு நாலரை. புதுச்சேரியில் ஒரு காபிக் கடைக்கு நாலு. போடட்டும். காசு கொடுத்தோம், சாப்பிட்டோம், குறை சொல்லலாம். ஆனால் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே என் நண்பன் வீட்டில், அவன் அம்மா சமைத்துப் போட்ட சாப்பாட்டுக்கு "அஞ்சுக்கு ரெண்டு" என்று போட்டிருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கடலுக்குப் பக்கத்துலயே வீடு, ஆனா வஞ்சிரம் இல்ல, பொடி மீனைப் போட்டு முடிச்சிட்டாங்க" என்பது அவர் சொல்லும் காரணம்.

ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அந்தச் சாப்பாட்டுக்கு ஊரறிய மார்க் போடக்கூடாது. இதை எழுதிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

வஞ்சிரம் ஏன் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாங்கள் போனது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். என் நண்பன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அந்த 61 நாளும் அவனுக்கு வருமானம் கிடையாது. அரசு தரும் நிவாரணத்தை வைத்துக்கொண்டு வலையைச் சரிபார்ப்பதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமாக ஓட்ட வேண்டும். நாட்டுப் படகும் பைபர் படகும் மட்டும் கரையோரம் போய் வரும். அதில் கிடைப்பது நெத்திலி, காரப்பொடி, கொஞ்சம் சங்கரா. அதற்கும் அந்த மாதத்தில் என்ன விலை என்று மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

நாலரை நட்சத்திரம் வாங்கிய ஓட்டலில் வஞ்சிரம் இருந்தது, உண்மைதான். மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது. மே மாதத்தில் நம் பக்கத்து ஓட்டல்களுக்கு வரும் பெரிய மீன் பெரும்பாலும் அங்கிருந்து ஐஸில் வைத்து லாரியில் வருவது. அதற்கு "ஃப்ரெஷ்" என்று பாராட்டு. அன்று விடியற்காலையில் பிடித்து, உயிர் போகாமல் துள்ளிக்கொண்டு வந்த மீனுக்கு ரெண்டு.

அந்த மீன் எப்படி வந்தது என்று நான் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரியே நாங்கள் காரைக்கால் வரை வந்துவிட்டோம் என்று போனில் சொல்லியிருந்தேன். அம்மா இருட்டோடு எழுந்து, பைபர் படகு கரையேறும் இடத்துக்கு நடந்து போய் நின்று வாங்கி வந்திருக்கிறார். நாங்கள் போனபோது கொல்லையில் குந்தி உட்கார்ந்து கல்லில் உரசி உரசிச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்க வெள்ளியாக மின்னியது. "வாங்க தம்பி, கை குடுக்க முடியல" என்று முழங்கையை நீட்டினார். சட்டியில் குழம்பு கொதிக்கும்போது புளியும் மாங்காயும் சேர்ந்த வாசனை தெரு வரைக்கும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் பின்பக்கம் போனேன். அம்மாவும் நண்பனின் மனைவியும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சோறும் குழம்பும் இருந்தது. மீன் இல்லை. சட்டியிலும் இல்லை. நான் பார்த்துவிட்டதைப் பார்த்து அம்மா, "நாங்க தெனமும் திங்கிறதுதானே தம்பி" என்றார். "பொடி மீனைப் போட்டு முடிச்சிட்டாங்க" என்று வீடியோவில் அவர் சொல்லும்போது எனக்கு அந்தத் தட்டுதான் தெரிகிறது. என்ன செய்ய?

சரி, அந்த வீடியோவைப் பற்றி நான் முதலில் எழுதியதற்குப் பின்னூட்டத்தில் வந்தவைகளுக்கு வருகிறேன்.

"விமர்சன சுதந்திரம் இல்லையா?" இருக்கிறது. பில் வந்த இடத்தில் இருக்கிறது. அம்மா பில் கொடுத்தாரா? கிளம்பும்போது நான் பேரன் கையில் திணித்த காசையே திருப்பிக் கார் ஜன்னல் வழியாகப் போட்டவர் அவர்.

"பேரும் சொல்லல, முகமும் காட்டல, இதுல என்ன?" வாசலைக் காட்டியிருக்கிறார். கதவைக் காட்டியிருக்கிறார். அந்தத் தெருவில் வாட்ஸ்அப் இல்லாத வீடு இல்லை. நண்பனின் மச்சான் துபாயிலிருந்து போன் செய்து, "நம்ம வீட்டச் சொல்றாங்களே" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியவர் அந்த அம்மா. அங்கே நாலு பேர் என்ன கேட்பார்கள்?

"உள்ளதைத்தானே சொன்னார், பொய்யா சொன்னார்?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருப்பது போலத் தோன்றும். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை வாசலில் ஏறி நின்று கூவுவதற்குப் பேர் உண்மை பேசுவது இல்லை.

"தனியாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் பொதுவில் எழுதுகிறாய்?" சொன்னேன். இரண்டு சிரிப்புப் பொம்மை வந்தது. அதற்கு மேல் நான் யாரிடம் போய்த் தனியாகச் சொல்வது?

"ட்ரிப்னா ஜாலி, இதுல போய் மீனவர் பிரச்சினையெல்லாம் எதுக்கு" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

பேராவூரணிப் பக்கத்து நண்பரையும் வீடியோவில் விடவில்லை. "இளநீர் சுமார், அதுக்காக ரூட்ட விட்டு உள்ள போயி ஒரு மணி நேரம் வேஸ்ட்." 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது அந்த மனிதரின் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அவர் அப்பா வைத்த மரங்கள். அன்று முழுக்க நான் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. டவரும் விழுந்துவிட்டது, கரண்டும் இல்லை. பிறகு ஒருநாள் பேசும்போது புயலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "மரத்த எண்ணவே தெம்பில்ல" என்று மட்டும் சொன்னார். தென்னை போன வாரம் நட்டு இந்த வாரம் காய்க்கிற பயிர் இல்லை. அவர் மறுபடியும் கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, வருஷக்கணக்காகக் காத்திருந்து முதலில் காய்த்த மரங்களில் ஒன்றில் ஏறி வெட்டிக் கொடுத்த இளநீர் அது. எனக்குக் குடிக்கும்போது தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்றவருக்குச் சுமார்.

"வீடு ரொம்பச் சின்னது, உக்கார இடமில்ல" என்று நாகை வீட்டைப் பற்றி ஒரு வரி வருகிறதே, அதுவும் என்னை அறுக்கிறது. அது சுனாமிக் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 காலையில் அவர்களுடைய பழைய வீடு இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமான பேர் போனார்கள். அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோ தொங்குகிறது. வீடியோவிலேயே ஓரமாகத் தெரிகிறது, நிறுத்திப் பாருங்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நாம் எல்லோரும் சாப்பிட்டோம். அந்த வீட்டில் எத்தனை சதுர அடி இருந்தால் உங்களுக்குப் போதும்?

ராமேஸ்வரம் போகவேண்டும் என்றால் திருச்சி, மதுரை வழியாகப் பெரும்பாலும் நாலு வழிச்சாலையில் சீக்கிரமாகப் போய்விடலாம். ஈசிஆர் சுற்று. மரக்காணத்தில் உப்பளம், தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, நாகூரில் தர்கா, அடுத்து வேளாங்கண்ணி, 1930-ல் ராஜாஜி உப்பெடுத்த வேதாரண்யம், மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா கோட்டை, அப்புறம் தொண்டி என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகத்தான் அந்த வழியில் போகிறோம். நான் அப்படித்தான் போகிறேன். நண்பர்களைப் பார்ப்பது எனக்கு வழியில் வந்த தாமதம் இல்லை. அவர்களைப் பார்க்கத்தான் போகிறேன், கடல் கூடவே வருகிறது. இது ஒத்துவராது என்றால் காரில் ஏறும்போதே சொல்லியிருக்கலாம். வேறு யாராவது சந்தோஷமாக வந்திருப்பார்கள்.

தனுஷ்கோடியில் எடுத்த பகுதியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னும் நீளும். 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலே பயணிகளோடு கடலில் போன இடம். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று அதற்கும் நட்சத்திரம் போட்டாயிற்று. விடுங்கள்.

அவருக்கு நேராகவே சொல்கிறேன், என் பதிவுகளைப் படிப்பவர்தான். நாகை வீட்டுப் பகுதியையும் பேராவூரணிப் பகுதியையும் வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குப் போன் பண்ணிப் பேசுங்கள். நம்பர் நான் தருகிறேன்.

நேற்று ராத்திரி நான் பேசினேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போட்டேன், என்னைப் பேசவே விடவில்லை. "தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போகட்டும் தம்பி, அந்தப் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்" என்றார். ஜூன் கடைசியில் நான் போகிறேன். அவரைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.