பிங் சுடப்பட்டது கோழைத்தனத்துக்காக அன்று

மத்தியதரைக் கடல் தீவான மினோர்க்காவில் பிரெஞ்சுக்காரரைக் கண்டு ஓடிய கோழை என்பதால் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஜான் பிங் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று சொல்லப்படுவது தவறு. 1757 ஜனவரியில் தீர்ப்பளித்த இராணுவ நீதிமன்றம், கோழைத்தனக் குற்றச்சாட்டிலிருந்து அவரை வெளிப்படையாகவே விடுவித்தது. எதிரியை அழிக்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்யவில்லை என்பதற்காக மட்டுமே, கடற்படைப் போர்விதிகளின் 12ஆம் பிரிவின்படி அவர் குற்றவாளியானார்.

1756 மே 20 அன்று நடந்த சண்டையில் அவருடைய அணியைச் சேர்ந்த இன்ட்ரபிட் கப்பலின் பாய்மரம் முறிந்து வரிசை குலைந்தபோது, முன்னணிக் கப்பல்கள் அடிவாங்கிக்கொண்டிருக்க, பிங் எதிரியை நெருங்குவதை விட்டு வரிசையைச் சீராக்குவதிலேயே நேரத்தைக் கழித்தார். பிறகு மினோர்க்காவில் பிரெஞ்சு முற்றுகையிலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு உதவாமல் ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். இது மோசமான முடிவு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் 1749இல் திருத்தப்பட்ட அந்தப் பிரிவு மரணத்தைத் தவிர வேறு தண்டனைக்கு இடம் வைக்கவில்லை. அதனால்தான் தண்டனை விதித்த நீதிபதிகளே ஒருமனதாகக் கருணை கோரினார்கள். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு இணங்காததால், மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மவுத்தில் மோனார்க் கப்பலின் மேல்தளத்தில் தண்டனை நிறைவேறியது. வேறு தண்டனையும் விதிக்கலாம் என்று அப்பிரிவு தளர்த்தப்பட்டது 1779இல்தான்.