மூடும் குறியை விடுவது அரைகுறை வேலை அல்ல

இணையதளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியில், கோப்பின் முடிவில் ‘?>’ என்ற மூடும் குறியை எழுதாமல் விட்டுவிடுவது அரைகுறை வேலை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதிய கருத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். கோப்பின் கடைசியில் அது கட்டாயமில்லை என்று பிஎச்பியின் அதிகாரபூர்வக் கையேடே சொல்கிறது. பிஎச்பி நிரல்களை எழுதும் நடைக்கான பிஎஸ்ஆர்-12 விதியோ, பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் அதை எழுதவே கூடாது என்கிறது.

மூடும் குறியை ஒட்டி வரும் ஒரே ஒரு புதுவரியை மொழி தானே விழுங்கிவிடும். அதற்குப் பிறகும் ஒரு வெற்றுவரியோ இடைவெளியோ இருந்தால் அது அப்படியே உலாவிக்குப் போய்விடும். வெளியீடு கிளம்பிய பின் ஹெடர்களை, அதாவது பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போக வேண்டிய தகவல் வரிகளை, அனுப்ப முடியாது. பயனரை நினைவில் வைக்கும் குக்கீ, செஷன், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது எல்லாமே முடங்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் ஒருவரின் இணையதளத்தில் நடந்தது இதுதான். வாடிக்கையாளர்கள் உள்நுழைய முடியவில்லை. நிரல் வழியாக வரும் கொலுசுப் படங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. அமைப்புக் கோப்பின் அடியில், மூடும் குறிக்குக் கீழே, சில வெற்றுவரிகள் கிடந்தன. நிரலை எழுதியவரின் கணினியில், வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்து வைக்கும் அவுட்புட் பஃபரிங் இயங்கியதால் அங்கே பிழை வெளிப்படவே இல்லை. பண்டிகை விற்பனை நேரத்தில் அந்த வியாபாரி பட்ட பாடு கொஞ்சமல்ல.

எச்டிஎம்எல் கலந்த பக்கங்களில் குறியை மூடத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. குறியை விடும்போது கடைசி வாக்கியத்துக்கு அரைப்புள்ளி அவசியம். மூடும் குறி இருந்தால் அதுவே அரைப்புள்ளியின் வேலையைச் செய்துவிடும். சேலத்துக் கல்லூரி மாணவர்கள் பலர் இத்தகைய கட்டுரைகளைப் படித்துத்தான் பழகுகிறார்கள். கட்டுரையில் அந்தக் கருத்து வரும் பத்தியைத் தயவுசெய்து திருத்துங்கள்.