நான்கு கியூபர்கள், நான்கு சட்டைகள்

பாரிஸ் ஒலிம்பிக்கில் போலந்து ஆண்கள் வாலிபால் அணி வெள்ளி வாங்கியதிலிருந்து, கியூபாவில் பிறந்து அந்த அணிக்கு ஆடும் வில்ஃப்ரெடோ லியோனை வைத்து ஒரே சண்டை. ஆளாக்கிவிட்ட கியூபாவைக் காசுக்காக உதறிவிட்டுப் போனவர் என்கிறது ஒரு கோஷ்டி. கம்யூனிஸ்ட் ஜெயிலை உடைத்துக்கொண்டு வந்த ஹீரோ என்கிறது இன்னொரு கோஷ்டி. இரண்டு பேருமே ஆட்டத்தைவிடக் கொடியைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். வாலிபால் பைத்தியம் என்ற ஒரே தகுதியோடு நானும் கொஞ்சம் சொல்கிறேன். நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் 2019 இத்தாலி லீக் இறுதிச் சுற்று. லூபே சிவிட்டனோவாவும் பெருஜாவும் மோதின. தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை போய், கடைசியில் லூபே கோப்பையைத் தூக்கியது. பெருஜா பக்கம் லியோன். லூபே பக்கம் ஓஸ்மானி ஹுவான்டொரேனா, யோவாண்டி லெயால், ராபர்ட்லாண்டி சிமோன். நான்கு பேரும் கியூபாவில் பிறந்து அங்கேயே ஆட்டம் கற்றவர்கள். ஆனால் அந்த வருட நிலவரப்படி ஹுவான்டொரேனா இத்தாலி வீரர், லெயால் பிரேசில் வீரர், லியோன் போலந்து வீரர். சிமோன் ஒருவர்தான் மறுபடி கியூபா சட்டை போட்டவர். கொஞ்ச நாளிலேயே பெர்லினில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. அங்கே லூபேயின் அந்த மூவர் சேர்ந்து ரஷ்யாவின் கசான் அணியைச் சாய்த்தார்கள். அந்தக் கசானுக்கு அதற்கு முன் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர் யார் என்கிறீர்கள்? லியோன்தான். ஐரோப்பாவின் பெரிய கோப்பைகள் பல வருடம் கியூபர்களின் கைகளில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. கியூப அணிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்துப் பெருமைப்படுவதா, வயிறு எரிவதா? எனக்கு வயிறுதான் எரிந்தது.

காரணம் 2010. ரோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் கியூபா ஆடியது. கேப்டன் சிமோனுக்கு வயது 23. லெயாலுக்கு 22. 14 வயதிலேயே தேசிய அணிக்குள் வந்துவிட்ட லியோனுக்கு அப்போது 17. அரையிறுதியில் செர்பியாவை 3-2 என்று முடித்துவிட்டு வந்தார்கள். இறுதியில் பிரேசிலிடம் 3-0 என்று தோற்றார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2002, 2006, 2010 என்று வரிசையாக மூன்று உலகப் பட்டங்களை அள்ளிய அணி அது. அன்று பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கணக்குதான் போட்டோம்: இந்தப் பையன்கள் இன்னும் பத்து வருடம் யாரையும் விடமாட்டார்கள்.

சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. சிமோன், லெயால், செட்டர் (அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஹியெர்ரெசுவேலோ மூவரும் தேசிய அணியை விட்டு விலகினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கியூபா தகுதியே பெறவில்லை. கொஞ்சநஞ்சம் மிச்சம் இருந்த நம்பிக்கை லியோன். அவரும் 2013-ல் கிளம்பிவிட்டார்.

ஏன் போனார்கள்? கியூபாவில் 1960-களின் தொடக்கத்திலேயே தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டார்கள். விளையாட்டு வீரர் அரசுச் சம்பளம் வாங்குபவர். உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் கிளப் ஆட்டத்தில் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறான், இந்தப் பக்கம் நிற்பவன் ஊருக்குப் போனால் ரேஷன் கடை வரிசையில் நிற்கவேண்டும். சரி, பணத்தை விடுங்கள். வருடம் முழுக்கச் சிறந்த எதிரிகளோடு மோதினால்தான் ஆட்டம் வளரும். அதுவும் இல்லை. அப்போதெல்லாம் வெளியே போகிறேன் என்று சொன்னால் நடுவழி ஏதும் கிடையாது. போனால் தேசிய அணியை மறந்துவிட வேண்டியதுதான். புதிய கிளப்பில் சேரப் பழைய நாட்டின் கூட்டமைப்பு ஒப்புதல் தரவேண்டும் என்பது சர்வதேச விதி. கியூபா தரவில்லை. ஆகவே வெளியேறியவர்கள் ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். லெயால் அப்படி உட்கார்ந்து எழுந்துதான் 2012-ல் பிரேசிலின் சாடா குருசெய்ரோவுக்குப் போனார். உச்ச வயதில் இருக்கும் ஒரு ஸ்பைக்கரை (எகிறிப் பந்தை அடிப்பவரை) இப்படி உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

இதில் கொடுமை, லியோன் கிளம்பிய அதே 2013-ல்தான் வீரர்கள் வெளிநாட்டு கிளப்புகளோடு அரசு வழியாக ஒப்பந்தம் போடலாம் என்று கியூபா அறிவித்தது. அந்தப் புத்தி மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால்? சரி, நடந்தது நடந்துவிட்டது.

இப்போது லியோனைத் திட்டும் கோஷ்டியின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "மிரேயா லூயிஸ் போனாரா? ரெக்லா டோரஸ் போனாரா? அவர்களும் பசியோடுதானே ஆடினார்கள்?"

நல்ல கேள்வி. ஆடினார்கள்தான். எப்படி ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கியூபா பெண்கள் அணியைத் தெரியவில்லை.

1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2000 சிட்னி. மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம். வேறு எந்தப் பெண்கள் வாலிபால் அணியும் தொடர்ச்சியாக மூன்று வாங்கியதில்லை. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கையும் கியூபா அரசு புறக்கணிக்காமல் இருந்திருந்தால் கணக்கு இன்னும் கூடியிருக்கும் என்பது என் சந்தேகம். நடுவில் 1994, 1998 உலக சாம்பியன்ஷிப்களும் அவர்களுக்கே. 1994-ல் சாவோ பாவ்லோவில் பிரேசிலை அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் 3-0 என்று அடித்தார்கள். சோவியத் யூனியன் உடைந்து, எண்ணெயும் கோதுமையும் வருவது நின்றுபோய், கியூபாவில் மின்சாரமும் சாப்பாடும் இல்லாமல் ஜனங்கள் திண்டாடிய வருடங்கள் அவை. அதே 1994-ல் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டைத் தெப்பங்களில் ஏறிக் கடலைக் கடக்கப் பார்த்தார்கள்.

மிரேயாவின் உயரம் 175 சென்டிமீட்டர். சர்வதேச வாலிபாலில் இது குள்ளம். ஆனால் எகிறி அடிக்கும்போது கை 3.39 மீட்டரைத் தொடும். பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர், பாஸ்கெட்பால் வளையமே 3.05-தான். எதிரணி பிளாக் போட (வலையருகே எகிறித் தடுக்க) எழும்பிக் கீழே இறங்கும்போதும் இந்த அம்மா மேலேயே இருப்பார். 1986-ல் குழந்தை பெற்று இரண்டு வாரம் ஆனபோது உலக சாம்பியன்ஷிப்பில் களம் இறங்கியவர். (அதை வீரம் என்று கொண்டாடுவதா, அனுப்பி வைத்தவர்களைத் திட்டுவதா என்று எனக்கு இன்றும் முடிவு வரவில்லை.) ரெக்லா டோரஸ் பார்சிலோனா தங்கத்தை வாங்கியபோது வயது 17. 20-ஆம் நூற்றாண்டின் சிறந்த வீராங்கனை என்று சர்வதேசக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்தது அவரைத்தான். இவர்களையெல்லாம் உருவாக்கிய யூஜெனியோ ஜார்ஜ்தான் பெண்கள் அணிகளின் நூற்றாண்டுப் பயிற்சியாளர். அவருடைய அணியில் இரண்டு செட்டர்கள். செட்டர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் அவரும் அடிப்பார். எதிரணிக்கு எந்த நேரத்திலும் முன்னால் மூன்று பேர் அடிக்கத் தயாராக நிற்பார்கள்.

அட்லாண்டா அரையிறுதியைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவே வீண். குழுச் சுற்றில் இதே பிரேசிலிடம் கியூபா தோற்றிருந்தது. அரையிறுதியில் ஆட்டம் முழுக்க வலைக்கு அந்தப் பக்கம் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசி பேசியே பிரேசில் பெண்களின் நிதானத்தைக் குலைத்தார்கள். 3-2 என்று ஜெயித்தார்கள். முடிந்ததும் கைகுலுக்கல் கைகலப்பாக மாறி, அரங்கத்தின் உள்பக்கம் வரை போனது. நாகரிகமான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். சிட்னி இறுதியில் ரஷ்யாவிடம் 25-27, 32-34 என்று முதல் இரண்டு செட் போய்விட்டது. வேறு அணியாக இருந்தால் பெட்டி கட்டியிருக்கும். இவர்கள் அடுத்த மூன்று செட்டை 25-19, 25-18, 15-7 என்று முடித்தார்கள். கடைசிச் செட்டில் ரஷ்யா எங்கே இருந்தது என்று தேடத்தான் வேண்டும்.

இவ்வளவு பெரிய அணி. ஆனால் "அவர்கள் போகவில்லையே" என்ற வாதம் முழு உண்மை இல்லை. இரண்டு தங்கம் வாங்கிய மகாலிஸ் கார்வஹால் பின்னாளில் ஸ்பெயினுக்குப் போனார். அட்லாண்டா, சிட்னி இரண்டிலும் தங்கம் வாங்கிய தைஸ்மாரி அகுவேரோ 2001-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த போட்டியின்போது அணியை விட்டு நழுவி, பிறகு இத்தாலி சட்டையில் 2007-ல் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அதே 2001 டிசம்பரில் ஆண்கள் அணி பெல்ஜியம் போனபோது ஆறு பேர் திரும்பவில்லை. ஏஞ்சல் டென்னிஸ், இயோஸ்வானி ஹெர்னாண்டஸ், ஆகாயத்தில் நிற்கும் லியோனல் மார்ஷல் எல்லாம் அதில் அடக்கம். 1998-ல் உலக லீக் ஜெயித்த பலமான அணி அதோடு சிதறியது. ஆக, ஒழுக்கமான பழைய தலைமுறை, பேராசை பிடித்த புதிய தலைமுறை என்று பிரிப்பது வசதியான கதை, அவ்வளவுதான். இருந்தவர்களின் உறுதியைக் கும்பிடலாம். அதை எடுத்துப் போனவர்களின் தலையில் அடிக்கக் கூடாது.

குடும்பத்துக்குள்ளேயே இந்தக் கதை இருக்கிறது. 1976 மான்ட்ரியாலில் 400, 800 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய அல்பெர்டோ ஹுவான்டொரேனா, ஓஸ்மானியின் சித்தப்பா முறை. அவர் கியூப விளையாட்டு நிர்வாகத்தில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர். ஓஸ்மானி 2016 ரியோவில் வெள்ளி வாங்கியது இத்தாலிக்கு. அதே மான்ட்ரியால் ஒலிம்பிக்கில்தான் கியூபாவின் ஆண்கள் வாலிபால் அணி வெண்கலம் வாங்கியது. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இன்றுவரை அந்த ஒரே பதக்கம். அன்று தங்கம் வாங்கிய போலந்து அடுத்த பதக்கத்துக்கு 48 வருடம் காத்திருந்து, பாரிஸில் கியூபாவின் சாந்தியாகோ நகரத்துப் பையனான லியோனை வைத்து வாங்கிக்கொண்டது.

ரியோவுக்கு வந்த கியூபா அணியைப் பற்றிப் பேசவே கஷ்டமாக இருக்கிறது. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன் ஃபின்லாந்தில் பாலியல் வன்கொடுமை வழக்கில் வீரர்கள் கைதானார்கள். கீழ் நீதிமன்றத்தில் ஐந்து பேருக்குத் தண்டனையும் விழுந்தது. அதற்கு எந்த அமைப்பையும் சாக்காகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மிச்சம் இருந்தவர்களோடு போய் ஐந்து ஆட்டத்திலும் தோற்றார்கள். பெண்கள் அணியோ 2008 பெய்ஜிங்குக்குப் பிறகு ஒலிம்பிக் பக்கமே வரவில்லை. ஆனால் சியன்ஃபுவெகோஸில் பிறந்த மெலிசா வர்காஸ் துருக்கி சட்டையில் 2023-ல் நேஷன்ஸ் லீக், ஐரோப்பியப் பட்டம் இரண்டையும் வாங்கி, இரண்டிலும் சிறந்த வீராங்கனை ஆனார். அந்தப் பெண்ணின் அடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மிரேயா ஞாபகம் வந்து தொலைக்கிறது.

இவ்வளவு பேரில் நான் அதிகம் மதிப்பது சிமோனை. ஆட்டத்தில் லியோன் பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் சிமோன் இத்தாலி, கொரியா, பிரேசில் என்று சுற்றி எல்லா இடத்திலும் ஜெயித்தார். 30 வயதைத் தாண்டிய பிறகு, ஏற்கெனவே வெளியேறியவர்களுக்கும் கியூபா கதவைக் கொஞ்சம் திறந்ததும் 2019-ல் திரும்பி வந்தார். வேறு நாட்டுச் சட்டை போட்டிருந்தால் ஒலிம்பிக் மேடை கிடைத்திருக்கும். கியூபாவோடு டோக்கியோவும் இல்லை, பாரிஸும் இல்லை. இதைத் தியாகம் என்று பெரிதாக்க வேண்டாம். வெளியே சம்பாதித்துக்கொண்டே ஊருக்கும் ஆடுவது பிரேசில்காரனுக்கும் செர்பியனுக்கும் சாதாரண விஷயம். அது கியூபனுக்கும் கிடைக்க முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது என்பதுதான் என் புகார். துரோகி என்ற பட்டத்தை யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அந்தக் கதவைப் பத்து வருடம் மூடி வைத்திருந்த நிர்வாகிகளுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, கமென்டில் எப்படியும் கேட்பீர்கள், நானே போட்டுவிடுகிறேன். என் கியூபா ஆண்கள் அணி: செட்டர் ராவுல் டியாகோ. நடுவில் சிமோன், இயோஸ்வானி ஹெர்னாண்டஸ். ஆப்போசிட்டில் (செட்டருக்கு எதிர்மூலையில் நின்று அடிக்கும் இடம்) ஏஞ்சல் டென்னிஸ். ஓரத்தில் லியோன், ஜோயல் டெஸ்பெய்ன். பிசாசு என்று பட்டம் வாங்கிய டெஸ்பெய்னுக்காக ஹுவான்டொரேனாவை உட்கார வைத்ததற்கு என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். லெயாலுக்கும் மார்ஷலுக்கும் இடம் கிடைக்காத அணி இது, யோசித்துப் பாருங்கள். பெண்கள் அணி போட எனக்குத் தைரியம் இல்லை, அதை நீங்கள் போடுங்கள்.