சூடாமணி விகாரம்: கோபுரத்தை விட்டு ஆனைமங்கலத்துக்கு வாருங்கள்

நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற புத்த மடாலயம் என்றாலே இரண்டு விஷயங்கள்தான் திரும்பத் திரும்பப் பகிரப்படுகின்றன. ஒன்று, ராஜராஜன் புத்தருக்குக் கோயில் கட்டினான். இன்னொன்று, மிஞ்சிய கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். முதலாவது தவறு. விகாரத்தை எடுக்கத் தொடங்கியவன் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் சூளாமணிவர்மன்; முடித்தவன் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். ராஜராஜன் கொடுத்தது ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை. கட்டியது யார், சோறு போட்டது எது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இந்த விகாரத்தின் கதையைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

அந்தக் கொடையைப் பதிவுசெய்த பெரிய லைடன் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் வந்த பெயர் அது. ஆனைமங்கலச் செப்பேடு என்பதே அதற்குச் சரியான பெயர். 21 ஏடுகள், ஏறக்குறைய 30 கிலோ. சோழர் குலப் பெருமை பேசும் வடமொழிப் பகுதிக்கு 5 ஏடு, தமிழுக்கு 16. அந்த 16 ஏட்டில் புத்தருக்கான இடம் மிகச் சிறியது. நிலம், நீர், நெல், எல்லை, கையெழுத்து, இவைதான் பக்கம் பக்கமாகப் போகின்றன.

ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு, 92ஆம் நாள். கி.பி. 1005-06. தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்து மன்னன் இந்தக் கொடையை வாயால் சொல்கிறான். ஓலை எழுதுவான் எழுதுகிறான், திருமந்திர ஓலை (அரசாணை) அதிகாரிகள் ஒப்பிடுகிறார்கள், புரவுவரிக்காரர்கள் (நிலவரி அலுவலர்கள்) வரிப்பொத்தகத்தில் ஏற்றுகிறார்கள். பிறகு நாட்டாருக்கு, அதாவது அந்த வட்டாரச் சபையாருக்கு, திருமுகம் (அரசன் ஓலை) போகிறது. அவர்கள் எதிரெழுந்து சென்று தொழுது, வாங்கித் தலைமேல் வைத்து, பிடி சூழ்ந்து, பிடாகை (ஊரின் உட்கிராமங்கள்) நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை (கொடைப் பத்திரம்) செய்து கொடுக்கிறார்கள். பெண் யானையை எல்லை நெடுக நடத்திக்கொண்டு போவதுதான் பிடி சூழ்தல். ஊரறிய, பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க நடக்கும் அளவை அது. நாளைக்கு வரப்பைத் தள்ளிப் போட எவனும் வரக்கூடாது. அதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

நிலம் 97 வேலியும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை மா, முக்காணி, அரைக்காணி, முந்திரிகை, அதற்கும் கீழே கீழ்க்கணக்கு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு முந்திரிகை என்பது வேலியில் 320இல் ஒரு பங்கு. இன்றைய வேலிக் கணக்கில் இரண்டு சென்ட்தான் வரும். 640 ஏக்கர் அளவுள்ள ஊரில் இரண்டு சென்ட்டுக்கும் கீழே கணக்கு!

வருவாய் 8,943 கலம் நெல்லும் சில்லறையும். வகுத்தால் வேலிக்குச் சுமார் 92 கலம். தஞ்சைப் பெரிய கோயில் நிலங்களுக்கு வேலிக்கு 100 கலம் என்பது தெரிந்த கணக்கு. ஆக இது நல்ல நஞ்சை. கலத்துக்கு 96 நாழி வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 2,350 நாழி நெல். சோழர் கால எண்ணாயிரம் ஊரின் வேதக் கல்லூரியில் இளைய மாணவனுக்கு நாள் படி 6 நாழி. அந்த அளவில் 390 பேர் வயிறு நிறையும். விளக்குக்கு எண்ணெய், பூ, பணியாள் கூலி, செங்கல் பழுது எல்லாம் இதற்குள்ளேயே என்றால் தங்கியிருந்த பிக்குகள் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி உரிமைகளின் பட்டியல். சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், துரவு கிணறு தோண்டலாம், மருவும் தமனகமும் போன்ற மணச்செடிகள் நடலாம், பெருஞ்செக்கு இடலாம். வாய்க்கால் குத்தி நீர் பாய்ச்சலாம். ஆனால் மற்றவர் அதில் குற்றேத்தம் (சிறிய ஏற்றம்) போடவோ கூடையால் இறைக்கவோ கூடாது. கடைமடைப் பகுதியில் நீர் இல்லாத நிலம் வெறும் மண். எழுதியவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துப் புகழ்வது நேர்மை இல்லை. சிறிய லைடன் செப்பேடு, முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டு, 1090. மூன்றே ஏடு. கடாரத்துத் தூதர்கள் கேட்டபடி விகாரத்துக்கு விடப்பட்ட பள்ளிச்சந்த ஊர்களுக்குப் பல வரிகள் நீக்கப்படுகின்றன. கூடவே ஒரு வாசகம்: முன்பிருந்த காணியாளரை (நில உரிமையாளரை) நீக்கிப் பள்ளிச் சங்கத்தாருக்கே காணி. 1005இல் வருவாய் மட்டும் விகாரத்துக்குப் போனது. 1090இல் நிலத்தின் மேலுள்ள உரிமையும் போய்விட்டது. மத நல்லிணக்கம் என்று எழுதும்போது அந்தக் காணியாளரையும் ஒரு வரியில் நினைக்க வேண்டும்.

கடாரத்துத் தொடர்பு அறுந்தபின் விகாரம் மெல்லத் தேய்ந்தது. 1476இன் பர்மியக் கல்யாணிக் கல்வெட்டு நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளி ஒன்றை, அது இருந்த இடம் என்றுதான் சொல்கிறது. 1846இல் வால்டர் எலியட் பார்த்தபோது எஞ்சியிருந்தது மூன்று நிலைச் செங்கல் கோபுரம், புதுவெளிக்கோபுரம். கப்பல்காரர்களுக்கு அது சீனப் பகோடா. விகாரத்தின் பகுதியா, பின்னால் சீனர் எழுப்பியதா என்ற விவாதம் உண்டு. இடித்தபின் அதைச் சோதிக்க வழியில்லாமல் போனதுதான் பெரிய இழப்பு. 1856இல் இலுப்பை மரத்தடியில் கிடைக்கத் தொடங்கிய செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 350. அவற்றில் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில்.

கோபுரம் போய்விட்டது. கீழ்வேளூர் பக்கம் ஆனைமங்கலம் இருக்கிறது. செப்பேட்டில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று திசை வாரியாக ஊரும் வாய்க்காலும் எழுதியிருக்கிறது. கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) வைத்துக்கொண்டு அதைத் தரையில் தேட யாராவது முன்வர வேண்டும். ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கினால் வழி தவறும். ஊர்கள் சேர்ந்தும் பிரிந்தும் போயிருக்கும். ஏக்கரிலிருந்து தொடங்கினாலும் தவறும், அன்றைய அளவுகோல் வேறு. முதலில் வாய்க்காலைப் பிடியுங்கள். கல்லும் கள்ளியும் போயிருந்தாலும் நீர் ஓடும் சரிவு அவ்வளவு சீக்கிரம் மாறாது.