ஹோம்ஸுக்கு ஆஸ்பெர்கர் என்று டாயல் எழுதினாரா?

'ஷெர்லாக் ஹோம்ஸை ஆஸ்பெர்கர் குறைபாடு (ஆட்டிசத்தின் ஒரு வகையாகக் கருதப்படும் நிலை) உள்ளவராகத்தான் கோனன் டாயல் படைத்தார். கதையிலேயே அப்படி இருக்கிறது' என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு.

ஹோம்ஸ் முதலில் அச்சில் வந்தது 1887இல். டாயல் இறந்தது 1930இல். இந்த நிலையை விவரித்த ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் கட்டுரை வெளியானதோ 1944இல்; அவர் பெயரில் அந்த நிலை பரவலாக அறியப்பட்டது பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் எழுதிய பிறகுதான். டாயல் முன்மாதிரியாகச் சொன்னது எடின்பரோவில் தனக்கு மருத்துவம் கற்பித்த ஜோசப் பெல்லை. நோயாளியைப் பார்த்ததுமே தொழிலையும் ஊரையும் சொல்லிவிடுவாராம் அவர்.

பிறகு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பிபிசியின் 'ஷெர்லாக்' தொடரில், 2012ஆம் ஆண்டு பாஸ்கர்வில் அத்தியாயத்தில் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் அதைச் சொல்கிறார். 'சோசியோபாத்' (பிறர் உணர்வையும் சமூக நெறிகளையும் மதிக்காதவர்) என்று ஹோம்ஸ் தன்னைச் சொல்லிக்கொள்வதும் அந்தத் தொடரில்தான். இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். பகிர்பவர்கள் ஒன்றாகவே குழப்பிவிடுகிறார்கள்.

உணர்ச்சியே இல்லாதவர் என்பதும் மூலத்தோடு ஒட்டவில்லை. 1892இல் வந்த 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையில் நடுங்கியபடி வரும் பெண்ணின் முன்கையில் தட்டிக்கொடுத்து, பயப்பட வேண்டாம் என்கிறார் ஹோம்ஸ். ஆட்டிசம் உள்ள வாசகர் அவரில் தன்னைக் காணலாம், தாராளமாக. அது வாசிப்பு, டாயல் எழுதிய நோயறிதல் அல்ல.